வாசல் மண்ணின் காரம்

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் உள்ளே நடப்பது தெரியாது என்பதால், விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த கண்ணாடி டம்ளர் ஒன்றை அன்று கீழே இறக்கியிருந்தேன். அதில் இரண்டு கரண்டி மண். அதன்மேல் வினிகரை ஊற்றியதும் அடியிலிருந்து நுரை கிளம்பி, பழுப்பு நிறத்தில் விளிம்பைத் தொட்டு வழிந்தது. என் தோளுக்குப் பின்னால் காப்பியோடு நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் ஓரகத்தி, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார். அது ஆவணி மாதம். பொங்கலுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. என் இடுப்பிலிருந்த மகள் பயந்து அழத் தொடங்க, அவளைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு, "உங்கம்மா மண்ணுல பொங்கல் வெக்கிறாடி, நமக்கும் ஒரு வாய் குடுப்பா, அழாத" என்று அவர் சமாதானம் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

ஓரகத்தி என்று எழுதும்போது யாரோ போலத் தோன்றுகிறது. என் கணவருடைய அண்ணனின் மனைவி அவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மேற்குத் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆட்டோக்காரரிடமும் மீன்காரம்மாவிடமும் பேசும்போது அவருடைய தமிழ் தானாகவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளும். ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் அவர்கள் குடும்பம். கீழே நாங்கள், எங்களோடு மாமனார். மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே தவறிவிட்டார். எனக்கும் அக்காவுக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம். ஆனால் அவர் ஒரு முறை யோசித்து ஒரு முறை செய்பவர். நான் கேஸை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வருபவள். குழந்தை பிறந்த பிறகு இது இன்னும் முற்றியிருந்தது. காய்கறியை மூன்று தண்ணீரில் அலசுவேன். நான்காவது தண்ணீரும் வேண்டுமோ என்று குழாயடியிலேயே நிற்பேன். "காய் வெளுத்துடப் போகுதுடி, விடு" என்பார் அக்கா.

வீட்டின் கிழக்குச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், வாசல் கேட்டிலிருந்து பின்பக்கம் துணி துவைக்கும் கல் வரைக்கும், முப்பதடி நீளத்துக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அகலம் ஒன்பது அடி இருக்கும். செம்மண், நடுநடுவே கோரைப்புல், ஒரு பழைய பப்பாளி மரம். அதற்குச் சிமென்ட் போட்டுவிட வேண்டும் என்பது மாமாவின் தீர்மானம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒன்றைத் தீர்மானித்தால் கொடி அசைத்தது மாதிரிதான். மழை வந்தால் அந்தச் சேறு முழுக்க ஹாலுக்கு வருகிறது, ஒரு தடவை பாம்புச் சட்டை கிடந்தது, நாளைக்கு இரண்டு பிள்ளைகளும் கார் வாங்கினால் நிறுத்த இடம் வேண்டும். அவர் சொன்னதில் எதுவுமே தவறில்லை. அதனால்தான் எதிர்த்துப் பேச எனக்கு அத்தனை நாளாயிற்று. என் மகள் எதையும் பிடிக்காமல் முதன்முதலாக எழுந்து நின்றது அந்தப் பப்பாளி மரத்தடியில்தான். டைல்ஸ் தரையில் வழுக்கி வழுக்கி விழுந்த குழந்தை, அங்கே கால் விரல்களை மண்ணுக்குள் அழுத்திக்கொண்டு நின்றாள். அதை ஒரு காரணம் என்று மாமாவிடம் எப்படிச் சொல்வது? காய்கறி போடப் போகிறேன் என்று சொன்னேன்.

மாமா செய்தித்தாளை மடித்தார். "இங்க பாரும்மா. நான் வேண்டாம்னு சொல்லல. தை பொறக்குறதுக்குள்ள வீட்டுக்கு ஒரு வேளைக் கொழம்புக்காவது காய் வந்துச்சுன்னா, உன் தோட்டம் உனக்கு. இல்லன்னா பொங்கல் முடிஞ்சதும் மேஸ்திரி வருவாரு."

அப்படித்தான் அந்தக் கண்ணாடி டம்ளர் கீழே இறங்கியது. நான் படித்தது வேதியியல். குழந்தை பிறக்கும் வரை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கழிவுநீரைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். அங்கே இதற்கெல்லாம் மீட்டர் இருந்தது. முனையை நனைத்தால் எண் வரும். வீட்டில் இருந்தது வினிகரும் ஆப்பசோடாவும்தான். மண்ணில் வினிகரை ஊற்றிப் பொங்கினால் காரத்தன்மை. பொங்காவிட்டால், வேறு கொஞ்சம் மண்ணை ஈரமாக்கி ஆப்பசோடாவைத் தூவ வேண்டும். அதற்குப் பொங்கினால் அமிலத்தன்மை. இரண்டுக்கும் பொங்காத மண் நடுவாந்திரம். மண்ணின் குணம் தெரிந்துவிட்டால் அதற்கு ஒத்துப்போகும் காயை மட்டும் போடலாம், தோற்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன். முதல் டம்ளரே அப்படிப் பொங்கி வழிந்ததால் ஆப்பசோடா டப்பாவை நான் திறக்கவே இல்லை.

"இன்னாடி சொல்லுது உன் மண்ணு?" என்றார் அக்கா.

"மண்ணுல காரம் ரொம்ப அதிகம்க்கா."

"அப்போ மொளகா போடு! சும்மா பிச்சுக்கினு வரும்."

அந்தக் காரம் வேறு, இந்தக் காரம் வேறு என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் மாடிக்குப் போய்த் தன் கணவரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பது கேட்டது. காரம் தாங்கும் காய்கள் என்று பட்டியல் போட்டேன். பீட்ரூட், முட்டைக்கோஸ், பாலக்கீரை. என் கணவர் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்டிலிருந்து தள்ளி, மூன்றுக்கும் பாத்தி கட்டினோம். மண்ணின் காரத்தை முடிந்த மட்டும் குறைத்துவிடலாம் என்று எலுமிச்சைத் தோல், டிகாஷன் இறக்கிய காப்பித்தூள் சக்கை, கரைத்து மிஞ்சிய புளித்தண்ணீர் எல்லாவற்றையும் பாத்தியில் சேர்த்துக்கொண்டே வந்தேன். அக்கா மாடிக் கைப்பிடியில் சாய்ந்து பார்ப்பார். "புளி ஆச்சு, எலுமிச்சம்பழம் ஆச்சு. பெருங்காயம் ஒண்ணுதான் பாக்கி. மண்ணுக்கு ரசம் வெக்கிற மொத மருமக எங்க வூட்லதான் கீது!"

ஐப்பசி மழை வந்தது, போனது. பாலக்கீரை இரண்டு விரல் உயரம் வந்ததும் ஓரம் மஞ்சளித்து அப்படியே நின்றுவிட்டது. முட்டைக்கோஸ் விரிந்ததே தவிர மூடவில்லை. கார்த்திகையில் ஒரு பீட்ரூட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு இருந்தது. அடுத்ததைப் பிடுங்கினேன், அது அந்த அளவுகூட இல்லை. முழுப் பாத்தியையும் பிடுங்கி ஒரு தட்டில் வைத்து, மாமா பார்ப்பதற்குள் உள்ளே கொண்டுபோக நினைத்தேன். அவர் வாசற்படியிலேயே நின்றிருந்தார். கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உன் மேல தப்பில்லம்மா. இந்த மண்ணு அப்படித்தான். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

அந்தக் கார்த்திகைக் கடைசியில்தான் மகளுக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்தது. ஆரத்தி எடுக்க அக்கா தாம்பாளத்தில் மஞ்சளைக் கரைத்து, அதில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தார். மஞ்சள் நீர் ஒரு நொடியில் ரத்தச் சிவப்பானது. சிறு வயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்று மட்டும் என் கண் அந்தத் தாம்பாளத்திலேயே நின்றுவிட்டது. சுண்ணாம்பு காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அப்படியானால் அவ்வளவு பொங்கிய என் மண்ணுக்கு? எல்லோரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கொல்லைக் குழாயடியில் நின்று மஞ்சள் தடவிய காகிதத்தில் ஈர மண்ணை அப்பினேன். காகிதம் மஞ்சளாகவே இருந்தது. லேசான காரத்துக்கு மஞ்சள் அசையாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வினிகருக்கு அந்த ஆட்டம் ஆடிய மண், மஞ்சளிடம் இவ்வளவு சாதுவாக இருக்குமா? சந்தேகம் என்ற ஒன்று எனக்குள் நுழைந்துவிட்டால் பிறகு அதற்குச் சோறு தண்ணீர் தேவையில்லை, தானாகவே வளரும்.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர். இரண்டு சக்கர வண்டி மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வந்து, மண்ணை அதில் குழைத்து, மறுபடி வினிகர் ஊற்றினேன். பொங்கியது. பிறகு வினிகரைச் சந்தேகப்பட்டு வேறு பாட்டில் வாங்கினேன். பொங்கியது. டம்ளரைச் சந்தேகப்பட்டேன், கரண்டியைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் வழக்கம்போல என்னையே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

மார்கழி பிறந்தது. அக்காவுக்கு மார்கழி என்றால் திருவிழா. ஆறு மணிக்குள் கேட்டுக்கு வெளியே பாதித் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு கோலமும், கேட்டுக்கு உள்ளே சிமென்ட் தரையில் இன்னொரு கோலமும் போட்டுவிடுவார். பக்கத்துத் தெருவிலிருந்து வந்து போன் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு காலை மகளுக்குப் பால் கொடுத்தபடி ஹால் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் கோலத்தின் மேல் வாளித் தண்ணீரை அடித்து, துடைப்பத்தால் சரக் சரக்கென்று தள்ளினார். வெள்ளைத் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி, தோட்டத்தின் மூலையில் போய் இறங்கியது. அந்த மூலை. நான் ஒவ்வொரு தடவையும் மண் எடுத்த மூலை.

எட்டு வருடமாக, வருடத்தில் ஏறக்குறைய எல்லா நாளும், அந்த வீட்டின் கோலமாவு முழுவதும் அங்கே இறங்கியிருக்கிறது. அரிசி மாவு அல்ல, கடையில் படி கணக்கில் விற்கும் வெள்ளைக்கல் மாவு. நான் மண்ணைப் பரிசோதிக்கவே இல்லை. நான்கு மாதமாக என் ஓரகத்தியின் கோலத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

அதை அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். "உங்கள் கோலத்தால்தான் என் தோட்டம் கெட்டது" என்ற வாக்கியத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் அது அந்த வாக்கியமாகத்தான் இருந்தது. மூன்று நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். நான்காம் நாள், மகள் தூங்கிய நேரம் பார்த்து, கேட் மூலையில் தொடங்கித் துணி துவைக்கும் கல் வரை ஐந்து இடங்களில் ஒரு சாண் ஆழம் தோண்டி மண் எடுத்தேன். ஐந்து கண்ணாடி டம்ளர்களையும் படிக்கட்டில் வரிசையாக வைத்து, காகிதத்தில் எண் எழுதி ஒட்டினேன். அக்கா கீழே இறங்கி வந்தார்.

"இன்னாடி, டீக்கடை வெச்சிட்டியா?"

நான் வினிகரை ஊற்றிக்கொண்டே போனேன். முதல் டம்ளர் பொங்கியது. இரண்டாவதில் கொஞ்சம் நுரை. மூன்றாவது சும்மா இருந்தது. நான்காவது, ஐந்தாவது, எதுவுமே இல்லை. அக்கா குனிந்து எண்களைப் பார்த்தார். தலையைத் திருப்பிக் கேட்டைப் பார்த்தார். கேட்டிலிருந்து மூலை வரைக்கும் அவருடைய பார்வை மெதுவாக நகர்ந்ததை நான் பார்த்தேன். எழுந்து விறுவிறுவென்று மாடிக்குப் போனார். போச்சு, இனி ஒரு மாதம் பேச மாட்டார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அவர் கையில் கோலமாவு டப்பா இருந்தது. ஒரு பிடி அள்ளி, ஐந்தாம் டம்ளரைக் கவிழ்த்துக் கழுவி அதில் போட்டு, என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி அவரே ஊற்றினார்.

டம்ளர் வழிந்து, படியில் ஓடி, அவருடைய கால் விரலை நனைத்தது.

"அடிப்பாவி," என்றார், படியில் உட்கார்ந்து. "நாலு மாசமா உன்னப் பேஜார் பண்ணினது நானாடி?" பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரைக்கும், குழந்தை எழுந்துவிடும் என்று நான் அவர் வாயைப் பொத்தும் வரைக்கும். மூன்று நாளாக நான் சுமந்திருந்த பயம் அந்தச் சிரிப்பில் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அடுத்து ஆப்பசோடாவை அவர்தான் எடுத்து வந்தார். பின்பக்க மண்ணைப் பேட்டரி தண்ணீரில் சேறாக்கித் தூவினோம். இருவரும் தலை இடிக்கக் குனிந்து பார்த்தோம். பொங்கவில்லை. ஆனால் சேற்றின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள், ஊசி குத்தினாற்போல, ஒவ்வொன்றாக எழுந்து உடைந்தன. அது போதாதென்று மறுநாள் ஊதா முட்டைக்கோஸை நறுக்கிக் கொதிக்க வைத்து அந்தச் சாற்றிலும் சோதித்தேன். மண்ணைச் சாற்றில் கலக்கித் தெளிய விட்டபோது, கேட் மண் டம்ளர் நீலத்துக்கு ஓடியது. பின்பக்க மண் டம்ளர் ஊதாவாகவே இருந்து லேசாகச் சிவப்புத் தட்டியது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அதே. மண்ணில் காரமே இல்லை. எங்கள் செம்மண் கொஞ்சம் புளிப்பு. புளிப்பு ஆகாத பீட்ரூட்டையும் பாலக்கையும் அதில் போட்டு, மேற்கொண்டு புளித்தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன்.

"புளிச்ச மண்ணுல ரசம் வெச்சியே, அத சொல்லு!" என்று அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார்.

மாமாவிடம் போக எனக்குத் தைரியம் இல்லை. அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். டம்ளர்களை அவர் முன்னால் அடுக்கி எல்லாவற்றையும் மறுபடி செய்து காட்டினோம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தெனம் கோலம் கழுவி ஊத்துற எடத்துல மண்ண எடுத்தா டெஸ்ட் பண்ணே? கெமிஸ்ட்ரி படிச்சவதானேம்மா நீ?"

அதே கேள்வியை நான் என்னிடம் அதற்குள் நூறு முறை கேட்டிருந்தேன். தலையைக் குனிந்து டம்ளர்களை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

"அவளுக்கு வேற எடம் தெரியாமலா மாமா?" என்றார் அக்கா. குரலில் கேலி இல்லை. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "கொழந்தைய ஹால்ல விட்டுட்டு அவளால பின்பக்கம் போக முடியல. அந்த மூலையில நின்னாதான் ஜன்னல் வழியா கொழந்த தெரியும். ஒரு கையில கொத்து, கண்ணு ஜன்னல்ல. நான் மாடிலேருந்து தெனம் பாக்குறேன். நீங்களோ நானோ அரை மணி நேரம் புள்ளையத் தூக்கி வெச்சிக்கினு இருந்தா, அவ முப்பதடியும் தோண்டியிருப்பா."

நான்கு மாதம் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து கேலி செய்தவர், அத்தனை நாளும் இதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கே அது தெரியாது. ஏன் எப்போதும் அந்த மூலைக்கே போனேன் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அம்மா என்றால் அங்கேதான் நிற்க முடியும் என்பதுபோல நின்றிருக்கிறேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "மேஸ்திரிய மாசி கடைசிக்கு வரச் சொல்றேன்" என்றார். மறுநாள் காலை டிபன் முடிந்ததும் செய்தித்தாளோடு ஹாலுக்கு வந்து, என் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "போம்மா, வேலையப் பாரு. பத்தரை வரைக்கும் நான் இருப்பேன்."

வண்டலூர் போகும் வழியில் சாலையோர நர்சரி ஒன்றில் தக்காளி, கத்திரி, மிளகாய் நாற்றுகள் வாங்கினோம். மூன்றுமே லேசான புளிப்பு மண்ணில் சந்தோஷமாக இருப்பவை. முள்ளங்கி விதையை ஓரமாக ஊன்றினேன். பாலக்கை மட்டும் விட எனக்கு மனமில்லை. அக்காதான் கேட்டார்: "மண்ணு புளிப்பு, என் கோலமாவு காரம். ரெண்டையும் கலந்தா சரியாப் போயிடாதா?" அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் புளித்த கழிவுநீரில் சுண்ணாம்பைக் கலந்துதான் வெளியே விடுவோம். பின்பக்கம் ஒரு சின்னப் பாத்தியை அதற்கென்று ஒதுக்கினேன். சமையல் தராசில் மாவை நிறுத்து, போதுமா, அதிகமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அக்கா அதை வாங்கி, "சும்மா கொட்டினா நல்லாவா இருக்கும்?" என்று அந்தப் பாத்தியில் புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலமே போட்டுவிட்டார். அதைக் கொத்திக் கலைக்க எனக்குக் கை வரவில்லை. "கலைடி. இது தின்னுற கோலம்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பாத்தி மண்ணை எடுத்து ஆப்பசோடா தூவினேன். ஒரு குமிழி இல்லை. வினிகருக்கும் அசையவில்லை. அப்படியொரு அமைதியான சேற்றை நான் பார்த்ததே இல்லை.

தை பாதியில் முள்ளங்கி தோளைக் காட்டியது. பிடுங்கினால் ஒரு சாண் நீளம், வெள்ளை வெளேரென்று. அன்று வைத்த சாம்பாரை மாமா இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டார். பிறகு தோட்டம் எங்களை நிற்க விடவில்லை. கத்திரிச் செடியில் இலைக்கு அடியில் கையை விட்டால் காய் கையில் தட்டியது. தக்காளிக் கொத்துகளின் பாரத்துக்குப் பழைய திரைச்சீலைக் கம்பியை முட்டுக் கொடுத்தோம். மிளகாய் காய்த்த காய்ப்பில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தோம். கோலப் பாத்தியில் பாலக்கு கரும்பச்சையாக, என் உள்ளங்கையைவிட அகலமாக நின்றது. என் மகள் வெண்டைக்காயைக்கூடத் துப்புபவள், ஒரு மாலை மாமாவின் மடியில் உட்கார்ந்து, செடியிலிருந்து பறித்த தக்காளியைச் சட்டையெல்லாம் வழியக் கடித்துத் தின்றாள். நான் கழுவக்கூட இல்லை. கழுவவில்லையே என்பது எனக்கு நினைவுக்கு வந்தபோது அவள் இரண்டாவதைப் பறித்துக்கொண்டிருந்தாள்.

மாசிக் கடைசியில், சொன்ன நாளில், மேஸ்திரி வந்தார். சைக்கிளில் அளவு டேப்பும் பூச்சுக் கரண்டியும். ஒரு மாதத்துக்கு மேலாகக் கூடை கூடையாகக் காய் வந்தும், மாமா வாயைத் திறந்து ஒரு வார்த்தை முடிவு சொல்லியிருக்கவில்லை. கேட்கவும் நான் துணியவில்லை. அக்கா துடைப்பத்தோடு கேட்டருகில் நின்றார், அதை ஆயுதமாகப் பிடித்திருந்தாரா என்று தெரியவில்லை. மேஸ்திரி தோட்டத்தைப் பார்த்தார், தக்காளியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"இன்னா சார், இதையா மூடணும்?"

"யார் சொன்னா மூடணும்னு?" என்றார் மாமா. கேட் மூலைக்கு நடந்துபோய், சிமென்ட் தரை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் செருப்புக் காலால் ஒரு கோடு இழுத்தார். "அந்தப் பக்கம் கோலம், இந்தப் பக்கம் கத்திரிக்கா. நடுவுல ரெண்டு வரி செங்கல் வெச்சுப் பூசிடுங்க. ஒண்ணுல உள்ளது ஒண்ணுல போகக் கூடாது. கோலத் தண்ணி போறதுக்கு வெளிப்பக்கமா ஒரு வழி விடுங்க."

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. அரை மூட்டை சிமென்ட்கூட ஆகவில்லை. மத்தியானத்துக்குள் வேலை முடிந்து, மேஸ்திரி எங்கள் வீட்டுக் கத்திரிக்காய்க் குழம்பில் சாப்பிட்டு, பைநிறைய மிளகாயும் வாங்கிக்கொண்டு போனார்.

போன வருடம் அக்காவின் கணவருக்கு வேலை மாறியதில் அவர்கள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் குடிபோய்விட்டார்கள். வாசல் கோலம் இப்போது என் பொறுப்பு. நாலு புள்ளிக்கு மேல் எனக்கு வராது. மகள் எல்.கே.ஜி. போகிறாள். நான் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்திருக்கிறேன். தோட்டம் அப்படியே இருக்கிறது. இந்த ஐப்பசியில் பின்பக்கம் சர்க்கரைவள்ளியும் போட்டிருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் இருந்தேன். கேட்டருகில் மாமா, நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "மண்ண ஒரே எடத்துல எடுக்கக் கூடாது சார். அதான் எல்லாரும் பண்ற தப்பு. அஞ்சு எடம். ஒரு சாண் ஆழம். போர் தண்ணி ஆகாது, பேட்டரி தண்ணிதான். மொதல்ல வினிகர், அப்புறம் சோடா. நான் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணித்தான் போட்டேன்." நான் உடனே அக்காவுக்குப் போன் செய்து, போனை ஜன்னல் கம்பியோரம் பிடித்தேன். மாமா ஊதா முட்டைக்கோஸ் வரை போய்விட்டிருந்தார். எதிர்முனையில் அக்கா சத்தம் வராமல் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குவது கேட்டது.

"பாத்தீங்களாக்கா? எல்லாம் அவரே பண்ணினாராம்!"

"வுடுடி," என்றார் அக்கா. "பேரு அவருக்கே போவட்டும். மண்ணு நம்மகிட்ட கீதுல்ல."